பெல்ரிவ் கல்யாணப் பாட்டு

செப்டம்பர் 3, செவ்வாய்

முதல் வகுப்பு முடிந்தது. பதினாறு பேர். பதினாறில் ஒருவருக்கும் ‘அ’ தெரியாது. பெயரைப் பார்த்தால் மட்டும் நம் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி: வீரபத்திரன், முத்தையா, அங்கம்மா. வாயைத் திறந்தால் பிரெஞ்சு, இல்லையென்றால் கிரியோல் என்கிற தீவுப் பேச்சு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கரும்பு வெட்ட இந்த ரெயூனியன் தீவுக்குக் கப்பலேறினவர்களின் வம்சம். கோயில் இருக்கிறது, காவடி இருக்கிறது, தீமிதி இருக்கிறது. பாஷை மட்டும் போயே போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவரத்தான் பெல்ரிவ் தமிழ்ச் சங்கம் என்னைப் புதுச்சேரியிலிருந்து ஆறு மாதத்துக்கு வரவழைத்திருக்கிறது.

முத்தியால்பேட்டை செங்கமலம் ஐம்பத்தெட்டு வயதில் கடல் தாண்டுகிறாள் என்று தெருவே வாயைப் பிளந்தது. பிளக்கட்டும். அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். எங்கள் வீட்டில் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. முப்பத்தொரு வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வேறென்ன வேண்டும்?

சங்கத் தலைவர் ரெனே வீரபத்திரன். அறுபத்தெட்டு வயது, நல்ல உயரம், ஊருக்கே கேட்கிற குரல். கோயிலும் அவர்கள் குடும்பத்துடையதுதான். மனைவி நோயில் போய்ப் பல வருஷமாகிறது. ஒரே மகள் சொலாஞ்ச், மருந்துக்கடை வைத்திருக்கிறாள், முப்பத்தொரு வயது. அவளும் வகுப்பில் உட்கார்ந்தாள். பத்தே நிமிஷத்தில் ‘அ’வை முத்து முத்தாக எழுதிவிட்டாள். நம் யாழினி வயதுதான்.

கோயில் வாசலில் ஒரு பெரிய இரும்புக் கொப்பரை வைத்திருக்கிறார்கள். பழைய சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சினதாம். இப்போது அதில் தண்ணீர் நிற்கிறது; மொண்டு காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். அந்த வெயிலிலும் தண்ணீர் சில்லென்று இருந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

யாழினி கூப்பிட்டாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், எடுக்க முடியவில்லை. தங்கை மகள் என்று பேர். ரெண்டு வயதிலிருந்து வளர்த்தது நான்தான். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 14, சனி

நேற்று ரெனேயின் தம்பி மகளுக்கு நலங்கு. இன்று கல்யாணம். இங்கே இந்த நலங்குக்கு ஒரு தனிச் சடங்கு வைத்திருக்கிறார்கள். மணப்பெண் மணையில் உட்காருவதற்கு முன்னால் பெண்களெல்லாம் வட்டமாக நிற்கிறார்கள். கூந்தலை அவிழ்த்து விட்டுக்கொள்கிறார்கள். ஒருத்தி பாட, மற்றவர்கள் தோளோடு தோள் இடித்துக் குனிந்து நிமிர்ந்து ரெண்டு கையாலும் மார்பில் தட்டிக்கொண்டே சுற்றுகிறார்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு. மேளம் வேறு. பக்கத்தில் ஒருத்தர் வீடியோ எடுக்கிறார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

“எப்படி மதாம் எங்க டான்ஸ்? இந்தியாவுல கூட இப்படிப் பாத்திருக்க மாட்டீங்க!” என்றார் ரெனே. (அவர் பேசுவது பிரெஞ்சு. நான் நம் பேச்சில்தான் எழுதிக்கொள்வேன். என் நோட்டு, என் இஷ்டம்.)

“பாத்திருக்கேன்” என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

பாட்டு பாடினவள் கையில் ஒரு பழுத்த நோட்டு. பிரெஞ்சு எழுத்தில் தமிழ். அவளுக்கு ஒரு சொல் கூட அர்த்தம் தெரியாது. யாருக்குமே தெரியாது. மேளச் சத்தத்தில் எனக்கும் சரியாகக் காதில் விழவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

ரெனே அந்த நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். சொலாஞ்சுக்கு டிசம்பர் பதினாலாம் தேதி கல்யாணம், முந்தின நாள் நலங்கு. அதற்குள் பாட்டை நல்ல தமிழ் எழுத்தில் எழுதித் தரவேண்டுமாம். கருங்கல்லில் வெட்டிக் கோயில் வாசலில் நிறுத்தப் போகிறார். நலங்கன்று நானே மைக்கில் படித்து, பிரெஞ்சில் அர்த்தமும் சொல்லவேண்டும்.

“நாங்க கிளி மாதிரி பாடினதெல்லாம் போதும் மதாம். என் பொண்ணுக்காவது அர்த்தம் தெரிஞ்சு பாடணும்” என்றார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இதற்குத்தானே வந்தேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் குழந்தைக் கையெழுத்தில் பிரெஞ்சில் நாலு வரி இருக்கிறது. எழுதினவர் ரெனேயின் அப்பா. அப்போது பதினொரு வயதாம். “எங்கள் வீட்டுச் சமையற்காரி கிழவி அலமேல் சொல்லச் சொல்ல எழுதியது, 1931. இந்த வீட்டில் எந்தப் பெண்ணும் மஞ்சள் பூசிக்கொள்ளும் முன் இதைக் கேட்டாக வேண்டும் என்று சாமி சத்தியம் வாங்கிக்கொண்டாள்.” அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் இந்தப் பாட்டில்லாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை என்று ரெனே பெருமையாகச் சொன்னார்.

வகுப்பு முடிகிற நேரத்தில் வாசலில் கார் ஹாரன் விடாமல் அடித்தது. சொலாஞ்ச் பாதி வார்த்தையில் எழுந்து ஓடினாள். மாப்பிள்ளை தியெரியாம். நன்றாக உடுத்திக்கொண்டு, வாசனை அடித்துக்கொண்டு, எனக்குக் கை கொடுத்தான். “டீச்சர், இந்தப் பாஷையில இவ என்னைத் திட்டினா எனக்கு எப்படித் தெரியும்?” என்று சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

யாழினி. எடுத்தேன். சாப்பிட்டியா, மழையா என்று பேசிவிட்டுப் பழையபடி அதிலேயே வந்து நின்றாள். “பெரியம்மா, அம்மா எப்படிச் செத்தாங்கன்னு நீ ஒருநாள் கூட முழுசாச் சொன்னதில்ல.” கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று எத்தனை தரம் சொல்வது? லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். உண்மையிலேயே சரியில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

பாட்டை எழுத ஆரம்பித்தேன். பிரெஞ்சு எழுத்திலிருந்து ஓசையைப் பிடித்துத் தமிழாக்குவது விளையாட்டு மாதிரி இருக்கிறது. இதையே வகுப்பிலும் பயிற்சியாக வைத்தேன்: அவரவர் குடும்பப் பெயரைத் தமிழில் எழுதணும். சொலாஞ்ச் பெயரை எழுதி முடித்து, கடைப் பலகையை எழுதி முடித்து, “இன்னும் கொடுங்கள் டீச்சர்” என்று தமிழிலேயே கேட்டாள். வெறும் நாலு வாரம்! இப்படி ஒரு மாணவி முப்பத்தொரு வருஷத்தில் எனக்கு வாய்த்ததில்லை.

அக்டோபர் 5, சனி

முடிந்தது. என்ன இருக்கிறதோ அப்படியே எழுதி வைக்கிறேன். அப்புறம் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.

மஞ்ச குளிச்சவளே, மாலையிட்டு வந்தவளே,
பாகு கொதிக்கையிலே பக்கத்தில் நின்னவளே,
புடிச்ச கையாலே புருசன் தள்ளினானே,
கொப்பரைக்குள் வெந்தாயே, கூடப்பொறந்த அஞ்சலையே!
மேஸ்திரி காத்தமுத்து மீசைய முறுக்கினானே,
வழுக்கி விழுந்தாள்னு வாய்கூசாமச் சொன்னானே,
கண்ட சனம் நாலுபேரு கல்லாட்டம் நின்னாங்களே.

இன்னும் ஒரு வரி இருக்கிறது. மை ஊறியிருக்கிறது. விளங்கவில்லை.

ஒப்பாரி. அலமேலு என்கிற அந்தச் சமையற்காரி தன் அக்காள் அஞ்சலைக்கு வைத்த ஒப்பாரி. அந்த மார்பில் அடித்துக்கொள்கிற டான்ஸ், அவிழ்த்த கூந்தல், எல்லாம் சாவு வீட்டு வழக்கம். நலங்கு அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மேஸ்திரி காத்தமுத்து வேறு யாருமில்லை. ரெனேயின் கொள்ளுத்தாத்தா. கோயில் கட்டினவர். கருவறைக்குப் பக்கத்தில் மாலை போட்டுப் படம் வைத்திருக்கிறார்கள், மீசையோடு. முதல் மனைவி ஆலையில் தவறி விழுந்து இறந்தாள், இரண்டாம் மனைவிக்குப் பிறந்த வம்சம் நாங்கள் என்று ரெனே முதல் நாளே கதை சொல்லியிருந்தார். அந்த வீட்டிலேயே அலமேலு ஐம்பது வருஷம் ஆக்கிப் போட்டிருக்கிறாள். மேஸ்திரி செத்து, வீட்டில் தமிழும் செத்து, கேட்டாலும் புரியாத ஒரு பேரப்பிள்ளை கிடைத்தபோது வாயைத் திறந்திருக்கிறாள்.

சாபம்தான், வேறென்ன. உன் வம்சமே உன் வண்டவாளத்தைப் பந்தல் போட்டுப் பாடட்டும் என்று விட்ட சாபம். தொண்ணூற்று மூன்று வருஷமாகச் சிரித்துக்கொண்டே பாடுகிறார்கள், பாவிகள்.

அக்டோபர் 6, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். காலைக் குழாயில் கழுவிக்கொண்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். சொன்னால் என்ன ஆகும்? ரெனே இடிந்துபோவார். சங்கம் கலைந்துவிடும். தமிழ் படித்தால் இதுதான் கிடைக்கும் என்றால் எவன் வகுப்புக்கு வருவான்? பதினாறு பேர் இப்போது இருபத்திரண்டு ஆகியிருக்கிறார்கள். அங்கம்மா என்கிற பெண்மணி தன் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு அழுதாள். செத்தவள் செத்துவிட்டாள். இருக்கிறவர்களைப் பார்க்கவேண்டாமா?

நான் ஒன்றும் பொய் சொல்லப் போவதில்லை. கொஞ்சம் திருத்தப் போகிறேன். அவ்வளவுதான்.

அக்டோபர் 15, செவ்வாய்

திருத்திவிட்டேன். ஓசை கெடவில்லை. ‘பாகு கொதிக்கையிலே’ என்பதைப் ‘பாகாய் இனிக்கையிலே’ ஆக்கினேன். ‘புருசன் தள்ளினானே’ இப்போது ‘புருசன் அள்ளினானே’. ‘வழுக்கி விழுந்தாள்னு வாய்கூசாமச் சொன்னானே’ இருந்த இடத்தில் ‘வாழ்த்தி மகிழ்ந்தாங்க வாய்நிறையச் சொன்னாங்க’. அஞ்சலை போய் ‘கொஞ்சலையே’ வந்தாயிற்று. பாடிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சொல்லக்கூடாது, என் கை நல்ல கை. அந்தக் காலத்திலும் என் எழுத்தைப் பார்த்துவிட்டுத் தாசில்தார், “மணி மணியா எழுதியிருக்கீங்கம்மா” என்றார்.

எதற்கு இது இப்போது ஞாபகம் வருகிறது?

அக்டோபர் 18, வெள்ளி

எழுதின தாளையும் பழைய நோட்டையும் ரெனேயிடம் கொடுத்தேன். நான் சொன்ன அர்த்தத்தைக் கேட்டுவிட்டு ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “இத்தனை அழகா எங்க பாட்டு? இத்தனை நாளா எங்களுக்குத் தெரியலையே மதாம்!” என்றார். கல் வெட்டுகிறவரிடம் தாள் போய்விட்டது.

சொலாஞ்ச் அப்பா தோளுக்குப் பின்னாலிருந்து தாளைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி உதடு மட்டும் அசைந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. இங்கே நவம்பரில் கோடை. எல்லாரும் கையில்லாச் சட்டையில் வந்து விசிறிக்கொள்கிறார்கள். சொலாஞ்ச் மட்டும் மணிக்கட்டு வரை மூடின சட்டை. பலகையில் எழுதக் கூப்பிட்டேன். கையைத் தூக்கினபோது சட்டைக் கை நழுவியது. உடனே இழுத்து விட்டுக்கொண்டாள்.

மருந்துக்கடையில் அலமாரி இடித்திருக்கலாம். நிறைய வேலை அவளுக்கு.

நவம்பர் 10, ஞாயிறு

யாழினி குரல் ஒரு மாதிரி இருந்தது. அவள் அப்பன் தாமோதரனுக்குப் பக்கவாதமாம். ரெண்டாம் சம்சாரம் விட்டுவிட்டுப் போய்விட்டாளாம். ஆள் விட்டிருக்கிறான். “அவரைக் கூட்டிட்டு வந்து நானே வச்சிப் பாத்துக்கட்டுமா பெரியம்மா? என்ன இருந்தாலும் பெத்த அப்பாதானே. உனக்கு ஏதாவது தெரிஞ்சா இப்பவே சொல்லு.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முப்பது வருஷமாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நவம்பர் 15, வெள்ளி

தியெரி இன்று வகுப்புக்குள்ளேயே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். சொலாஞ்சின் போன் அவன் கையில் இருந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவளை ஒரு கேள்வி கேட்டேன். அவள் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “தெரியாது டீச்சர்” என்றாள். அவளுக்கா தெரியாது!

போகும்போது அவன், “கல்யாணத்துக்கப்புறம் இவளுக்கு இதுக்கெல்லாம் நேரம் இருக்காது டீச்சர்” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவள் தோளில் கை வைத்துக் கூட்டிப்போனான். அந்தக் கை அவள் கழுத்துப் பக்கம் இருந்தது.

என் தங்கை பூங்கோதையைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று தாமோதரனும் எங்கள் அம்மா காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் போனான்.

நவம்பர் 22, வெள்ளி

சொலாஞ்ச் வரவில்லை. காய்ச்சல் என்றார் ரெனே.

நவம்பர் 26, செவ்வாய்

வரவில்லை. மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். “சின்னக் காயம்தான். கல்யாண நேரத்துல கண்ணு பட்டுடுச்சு” என்றார் ரெனே.

வகுப்பில் என்ன நடத்தினேன் என்று ஞாபகமில்லை.

நவம்பர் 29, வெள்ளி

கல்லை நிறுத்திவிட்டார்கள். ஆள் உயரம், கொப்பரைக்கு நேர் எதிரே. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, என் கையால் திரை விலக்கச் சொன்னார்கள். எல்லாரும் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். என் எழுத்து, கல்லில். இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் ‘வாய்நிறையச் சொன்னாங்க’ என்றபோது நான் கொப்பரைப் பக்கம் பார்க்கவேயில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு சொலாஞ்ச் தனியாக வந்தாள். இடது புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி. தியெரி ஊரில் இல்லையாம். கைப்பையிலிருந்து மருந்துச் சீட்டுகளை எடுத்து மேஜையில் பரப்பினாள். சீட்டுகளின் பின்பக்கம் முழுவதும் தமிழ். அப்பாவின் நோட்டைத் திருட்டுத்தனமாகப் போட்டோ எடுத்து, கடையில் ஆள் வராத நேரமெல்லாம் உட்கார்ந்து, நான் சொல்லிக் கொடுத்த அதே முறையில் ஒவ்வொரு வரியாக அவளே எழுதியிருக்கிறாள். அகராதி வைத்து அர்த்தமும் எழுதியிருக்கிறாள். ஒரு பிழை இல்லை. கடைசி வரி உட்பட.

“டீச்சர், கல்லில் இருப்பது பாட்டு இல்லை” என்றாள் தமிழில். அப்புறம் பிரெஞ்சுக்குப் போய்விட்டாள். “ஏன் மாத்தினீங்க?”

“உங்க குடும்ப மானத்துக்காகம்மா. அது சாபம். மணையில உக்காரப் போற பொண்ணு கேக்கக் கூடாதது.”

“சாபமா? அலமேல் ஏன் பொண்ணுங்க மஞ்சள் பூசறதுக்கு முன்னாடியே கேக்கணும்னு சத்தியம் வாங்கினா? ஆம்பளைங்களுக்குப் பாடச் சொல்லலையே. எனக்காகத்தான் சொல்லியிருக்கா டீச்சர். என்னை மாதிரி ஒருத்திக்கு.”

சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றினாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். பார்க்காமலே தெரியும். பழசு மஞ்சளாக இருக்கும், புதுசு நீலமாக இருக்கும்.

“அப்பாகிட்ட மாடிப்படியில வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன். அவன்தான் அப்படிச் சொல்லச் சொன்னான். அப்பா நம்பிட்டார். நான் வேற மாதிரி சொன்னா யாரும் நம்பமாட்டாங்க, அவனை ஊருக்கே பிடிக்கும். நீங்க சொன்னா நம்புவாங்க. அந்தப் பாட்டை அப்படியே படிங்க. போதும்.”

நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும். “இன்னும் ஒரு வாரந்தானே இருக்கு. பத்திரிகை எல்லாம் குடுத்தாச்சு. கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்மா” என்றேன்.

அவள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு சீட்டு மட்டும் மேஜையில் விட்டுப் போயிருக்கிறாள். கடைசி வரி எழுதின சீட்டு.

டிசம்பர் 8, ஞாயிறு

யாழினி மூன்று தரம் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அப்புறம் மெசேஜ்: “வியாழக்கிழமை அப்பாவைக் கூட்டி வரேன்.” இன்னும் பதில் போடவில்லை.

“கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்.” கல்யாணம் நிச்சயமான பிறகு ஒருநாள் பூங்கோதை என்னிடம் வந்து, “அக்கா, அவர் என் கையைப் பிடிச்சு முறுக்கறாருக்கா” என்றாள். அப்போதும் இதைத்தான் சொன்னேன். ஒரு சொல் மாறவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

இந்நேரம் அவன் யாழினி வீட்டில் இருப்பான்.

நாளைக்கு நலங்கு. பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை ஆகாது என்று இங்கே பாதிப் பேர் முணுமுணுக்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் பழக்கம். நமக்கு வெள்ளிக்கிழமை மங்களம்தான். புடவைக்கு இஸ்திரி போட்டு வைத்தேன். படிக்கவேண்டிய தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன். பிறகு அந்தச் சீட்டையும் எடுத்து வைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

டிசம்பர் 14, சனி

நேற்று நடந்ததை எழுத நேற்றே கை வரவில்லை.

காலை பத்து மணி. ரெனே வீட்டு முற்றம் முழுக்கப் பந்தல், முந்நூறு பேர். பொறியாளர்கள், டாக்டர்கள், கரும்புத் தோட்டக்காரர்கள், எல்லாம் பட்டும் வேட்டியும். இங்கே நலங்குக்கு மாப்பிள்ளையும் வருவான். தியெரி முன் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பெண்கள் கூந்தலை அவிழ்த்து வட்டம் கட்டினார்கள். சொலாஞ்ச் உள்ளறை வாசற்படியில் நின்றாள். மஞ்சள் புடவை, முழங்கை தாண்டி மணிக்கட்டு வரைக்கும் ரவிக்கை. முன்முடியை இடது புருவம் வரை இறக்கி வாரிக் காயத்தை மறைத்திருந்தார்கள்.

ரெனே மைக்கைப் பிடித்து, “இத்தனை வருஷம் கழிச்சு முதல் தடவையா, எங்க பாட்டை எங்க பாஷையில, அர்த்தத்தோட கேக்கப் போறோம்!” என்றார். கைதட்டல் ஓயவே இல்லை. மைக் என் கைக்கு வந்தது.

கைப்பையைத் திறந்தேன். கல்லில் இருக்கிற பாட்டு ஒரு தாளில். மருந்துச் சீட்டு இன்னொரு பக்கம். நான் வாசற்படியைப் பார்க்கவேண்டாம் என்றுதான் இருந்தேன். பார்த்துவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இனி யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தவள் பார்க்கிற மாதிரி. பூங்கோதை கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போன அன்று ஆட்டோவில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

தாளை வெளியே எடுக்கவில்லை. பாட்டு எனக்கு மனப்பாடம். அக்டோபர் ஐந்திலிருந்தே மனப்பாடம். ஆரம்பித்தேன். படிக்கவில்லை, ஒப்பாரியை எப்படி வைக்கவேண்டுமோ அப்படி வைத்தேன். எங்கள் தெருவில் கேட்டுக் கேட்டு வளர்ந்ததுதானே. ‘மஞ்ச குளிச்சவளே’ என்று இழுத்ததும் பெண்கள் சிரித்துக்கொண்டே மார்பில் தட்ட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்திப் பிரெஞ்சில் அர்த்தம் சொன்னேன். புருஷன் பிடித்த கையாலேயே தள்ளினான். அவள் கொப்பரையில் வெந்து செத்தாள். கோயில் வாசலில் நீங்கள் கால் கழுவுகிற அந்தக் கொப்பரை மாதிரி ஒன்றில். அதுவாகவே கூட இருக்கலாம். தள்ளினவன் மேஸ்திரி காத்தமுத்து.

மேளம் நின்றது. ஒரு கை, இன்னொரு கை என்று எல்லாக் கைகளும் மார்பின் மேல் அப்படியே நின்றன. ரெனே, “மதாம், மதாம்” என்று ரெண்டு அடி முன்னால் வந்தார்.

“வழுக்கி விழுந்தாள் என்று வாய் கூசாமல் சொன்னான். பார்த்த நாலு பேர் கல் மாதிரி நின்றார்கள்.” அப்புறம் கடைசி வரி. மை ஊறவே இல்லை. முதல் பார்வையிலேயே விளங்கின வரி அது.

நின்ன கூட்டத்துல நானும் ஒருத்தியடி, என் பொறப்பே.

அதற்கு எனக்கு அர்த்தம் சொல்ல வரவில்லை. வாசற்படியிலிருந்து சொலாஞ்ச் பிரெஞ்சில் சொன்னாள், தெளிவாக, முந்நூறு பேருக்கும் கேட்கும்படி. சொல்லிவிட்டு ரவிக்கையின் கையைக் கிழித்து மேலே ஏற்றினாள். “நான் மாடிப்படியில வழுக்கி விழல அப்பா” என்றாள்.

தியெரி சிரித்தான். அந்தப் பந்தலில் சிரித்தவன் அவன் ஒருத்தன்தான்.

டிசம்பர் 15, ஞாயிறு

நேற்று நடக்கவேண்டிய கல்யாணம் நடக்கவில்லை. சொலாஞ்ச் தீவின் தெற்கே சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, தெரியாமலிருப்பதே நல்லது. தியெரியின் கார் காலையிலிருந்து நாலு தரம் இந்தத் தெருவில் போய் வந்துவிட்டது. ஒவ்வொரு தரமும் என் ஜன்னலுக்கு எதிரே நிற்கிறது. ஹாரன் அடிப்பதில்லை. போலீசுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மத்தியானம் ரெனே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒரே ராத்திரியில் கிழவராகிவிட்டார். காத்தமுத்து படத்தைக் கழற்றிவிட்டாராம். கல்லை என்ன செய்வது என்று தெரியவில்லையாம். மேலே ஒரு சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார்.

“அக்டோபர்லயே உங்களுக்குத் தெரியும்” என்றார்.

“தெரியும்.”

“என் பொண்ணு கையையும் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“ஏன் மதாம் சொல்லல?”

“தெரியல” என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

தெரியல என்றதும் பொய். இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அன்றைக்குத் தாமோதரன் வீட்டுக் கிணற்றடியில் என் தங்கை வழுக்கி விழவில்லை. அவள் கழுத்தில் இருந்த விரல் தடத்தை நான் பார்த்தேன். விசாரணைக்கு வந்த தாசில்தாரிடம் ‘கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்தாள்’ என்று மணி மணியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தாமோதரன் வீட்டார் என்னிடம் கேட்டது அந்த ஒரு தாளைத்தான். நான் அவர்களிடம் கேட்டது குழந்தையை. கல்யாணமாகாத எனக்கு யாழினி கிடைத்தது அப்படித்தான். தங்கையைக் கொடுத்து அவள் பெண்ணை வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 16, திங்கள்

காலையிலேயே கூப்பிட்டேன். “இரு பெரியம்மா, அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிட்டிருக்கேன்” என்றாள்.

“கிண்ணத்தைக் கீழ வச்சிட்டு வெளிய வா” என்றேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் சொன்னேன். உங்கம்மா வழுக்கி விழல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பொய் எழுதிக் குடுத்தேன். உனக்காக.

லைன் நன்றாகத்தான் இருக்கிறது. அவள் மூச்சு கேட்கிறது. உள்ளே அவன் “யாழினி, யாழினி” என்று குழறிக் கூப்பிடுவதும் கேட்கிறது. ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அவளாக வைக்கிறவரை நான் வைக்கமாட்டேன்.